கார்டு வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிக்குக் குறைந்த செலவில் கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் தெரியும் படங்களை வரையும் தனிப் பலகை) போடுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். என் மகனிடமும் படிக்கக் கொடுத்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு அதிக ஜிபி மெமரி கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுங்கள் என்று அது முடிந்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. சென்ற ஆண்டு இதே அறிவுரையை வேறொருவர் வாயால் கேட்டு நடந்தேன். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். மாலையில் பாடங்களைப் பதிவு செய்து, வகுப்புக்கு வர முடியாமல் போன பிள்ளைகளுக்கு அனுப்புவேன். அதற்காக ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினியை வாங்கினேன். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், ஒற்றை 8 ஜிபி ராம், தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பதினேழு வயது மகன் அதே கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளைப் பழகுகிறான். விடுமுறை நாளில் விளையாடவும் செய்வான். ஒரு நாற்காலியை முப்பரிமாணத்தில் செய்து, அதற்கு ஒளியும் நிழலும் கொடுத்துப் படமாக்க இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டுப் படுத்துக்கொள்வான். காலையில் எழுந்து பார்த்தால் பாதிதான் முடிந்திருக்கும். ஒரு கார்டு வாங்கித் தாருங்கள் என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

கார்டு விற்றவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு செலவழிப்பீர்கள்? கணினி எந்த மாடல், உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், மானிட்டரில் என்ன இணைப்பு இருக்கிறது, எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. 8 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருந்த, யாரோ பயன்படுத்திய கார்டு ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்த பிறகுதான் பார்த்தோம்: கார்டின் மேல் விளிம்பில் ஆறு பின் கொண்ட மின் இணைப்பு ஒன்று இருந்தது. எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒயர்களில் அதில் செருகுகிற மாதிரி ஒரு பிளக்கூட இல்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரை ஆறு பின்னாக மாற்றித் தரும் சின்ன கன்வெர்ட்டரைக் கையில் வைத்தார். எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார். நம்பினேன்.

மூன்றாம் நாள் இரவு, மகன் படத்தை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போன கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் தீயும் நெடி. அவன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தான். கேபினட்டைத் திறந்தால் அந்தக் கன்வெர்ட்டரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஓரத்தில் உருகி, எஸ்எம்பிஎஸ் ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று அவன் விழித்திருந்தான். வழக்கம்போலத் தூங்கிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடல் பதறுகிறது.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட் வரும் பின்கள் மூன்று. ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். ஆக மொத்தம் 4.5 ஆம்பியர், 12-ஆல் பெருக்கினால் 54 வாட். ஆறு பின் இணைப்பு வழியாகவோ ஒரு கார்டு 75 வாட் வரை இழுத்துக்கொள்ளலாம் என்பது விதி. 54 தாங்கும் வழியில் 75 போனால் பின் சூடேறும், சூடேறினால் உருகும். என்னிடம் ஏழாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் போட்டுவிடக்கூடிய பெருக்கல் இது. பணம் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் எங்களைப் போட வைத்திருந்தால் போதும்.

அதனால்தான் சொல்கிறேன்: பழைய கணினிக்குக் கார்டு தேடுபவர் முதலில் கையிலெடுக்க வேண்டியது ஸ்குரூடிரைவர். பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மொத்த வாட் எவ்வளவு என்பதைவிட, 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்பதைப் பாருங்கள். கார்டும் பிராசஸரும் பிழைப்பது அந்த வரியில்தான். அடுத்து, ஆறு பின் அல்லது எட்டுப் பின் பிளக் வெளியே வருகிறதா என்று ஒயர்களை விரித்துப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். ஆறு பின் இருந்தால் இன்னொரு 75, எட்டுப் பின் இருந்தால் 150 சேரும். இல்லையென்றால் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டுதான் உங்களுடையது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். சாதாரண கேபினட்டில் அசெம்பிள் செய்த கணினி என்றால் சரிதான், அதுவே நல்ல வழியும்கூட. அலுவலகங்களிலிருந்து வரும் கணினிகளில் அது பெரும்பாலும் நடக்காது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமே வேறு. எங்களுடையதில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் வழக்கமான 24 பின் அல்ல, எட்டே பின். வெளியில் வாங்கும் எதுவும் அதில் நேரடியாகப் பொருந்தாது. கேபினட்டின் உயரமும் முக்கியம். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரக் கார்டும் அதற்கேற்ற குட்டித் தகடும் வேண்டும். எங்களுடையது சற்று உயரமான பெட்டி என்பதால் அந்தக் கவலை மட்டும் இல்லை.

இனி அந்த 75 வாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2014-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட். 2016-இல் வந்த 1050 டிஐ 75 வாட். 2019 ஏப்ரலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650-உம் 75 வாட்தான்; ஆனால் வேகத்தைக் கூட்டி விற்கப்பட்ட சில 1650 கார்டுகளில் ஆறு பின் இணைப்பும் உண்டு, படத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2022-இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வந்தது, 53 வாட். 2024 பிப்ரவரியில் என்விடியாவின் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வந்தது, 70 வாட். இந்தக் கடைசிப் பெயரில் கவனம் வேண்டும். 2022-இல் வந்த 8 ஜிபி 3050-க்கு 130 வாட் தேவை, தனி மின் இணைப்பும் தேவை. அதில் கணக்குப் போடும் கோர்கள் 2560. 6 ஜிபி கார்டில் 2304. அதிக ஜிபியைப் பார்த்து 8 ஜிபியை வாங்கினால் எங்களைப் போன்றவர்களால் அதை இயக்கவே முடியாது. நம் பெட்டிக்குப் பொருந்துவது அந்தச் சின்னதுதான்.

வாட் பொருந்திவிட்டது என்பதாலேயே வாங்கிவிட முடியாது என்பதையும் மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். ஆர்எக்ஸ் 6400-ஐப் பார்த்ததும் 53 வாட் என்று நான் மகிழ்ந்தேன். அவன் தடுத்தான். பார்க்க நீளமான கார்டாக இருந்தாலும் அது மதர்போர்டோடு பேசுவது நான்கு லேன், அதாவது தகவல் போகும் நான்கு பாதை, வழியாக மட்டுமே. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு உள்ள புதிய மதர்போர்டில் அந்த நான்கு லேனில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். எங்கள் கணினியில் இருப்பது மூன்றாம் பதிப்பு, அதில் பாதி, அதாவது சுமார் 4. அதற்கும் பழைய இரண்டாம் பதிப்பு மதர்போர்டில் வெறும் 2. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பி, விளையாட்டு ராமிலிருந்து தகவலை எடுக்க ஆரம்பித்தால் இந்தக் குறுகலான வழியில்தான் எல்லாம் திணறிக்கொண்டு வர வேண்டும். 1650-க்கு 16 லேன். 3050-க்கு எட்டு. பழைய கணினிக்கு இது பெரிய வித்தியாசம், ஆனால் எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்டெல்லின் ஆர்க் ஏ380-ஐயும் பார்த்தோம். 6 ஜிபி, 75 வாட், ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் வீடியோவைப் பதிவு செய்யும் வசதிகூட உண்டு. ஆனால் அது, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி ஓடுகிற கார்டு. எங்கள் தலைமுறை மதர்போர்டுகளில் அந்த வசதி இல்லை, அது இல்லாமல் ஓட்டினால் வேகம் வெகுவாக விழும். அதோடு விட்டுவிட்டோம்.

ஜிபி கணக்கு ஏன் தவறு என்பதற்கு இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. ஜிடி 730 என்ற பெயரில் 96 கோர் உள்ள கார்டும் வந்தது, 384 கோர் உள்ள கார்டும் வந்தது. அதில் 4 ஜிபி என்று போட்டு விற்பவை உண்டு. 2 ஜிபி மட்டுமே உள்ள 750 டிஐ அவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது நொடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது, அது கடத்துவது சுமார் 17. பெயரும் ஒன்று, 2 ஜிபி என்ற எண்ணும் ஒன்று, உள்ளே ஓடும் வேகம் மூன்றில் ஒரு பங்கு. தொட்டியின் கொள்ளளவைக் கேட்பவர்கள் குழாயின் அகலத்தையும் கேட்க வேண்டாமா? என் வகுப்பில் தொட்டிக் கணக்கு நடத்தும்போது இரண்டையும் கொடுக்காமல் விடையைக் கேட்க மாட்டேன்.

என் பாடப் பதிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவு நடுவில் திக்கித் திக்கி நிற்கிறது, கார்டு வந்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அதற்குக் கார்டே தேவைப்படவில்லை. எங்கள் ஐ5-க்குள் இருக்கும் இன்டெல் கிராஃபிக்ஸிலேயே வீடியோவைச் சுருக்கும் என்கோடர் இருக்கிறது. பதிவு மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்காமல் வேலை முழுவதையும் பிராசஸர் தலையில் கட்டியிருந்தேன். ஒரு தேர்வை மாற்றினேன், திக்கல் நின்றது. அதுபோல ஒற்றை ராமுக்குத் துணையாக இன்னொரு 8 ஜிபி சேர்த்ததில், கார்டு வருவதற்கு முன்பே கணினி கண்ணுக்குத் தெரிகிற அளவு சுறுசுறுப்பானது. பிராசஸரிலுள்ள கிராஃபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ராம் ஜோடியாக இருந்தால் அதற்கு வழி இரட்டிப்பாகிறது. ஆகவே கார்டு எதற்கு என்று தெளிவாகச் சொல்ல முடியாதவர்கள் முதலில் இவற்றைச் செய்து பார்க்கட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: தனிக் கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகளில் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும், கணினி தொடங்கும்போது ஓடும் பயாஸ் அமைப்பில் போய்த்தான் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6400-இலும் ஜிடி 1030-இலும் வீடியோ என்கோடர் கிடையாது. அந்த இரண்டில் ஒன்றை வாங்கியிருந்தால் என் பதிவுகள் மறுபடி திக்க ஆரம்பித்திருக்கும், காரணம் புரியாமல் நானும் தவித்திருப்பேன்.

எங்கள் மானிட்டரில் நீல நிற விஜிஏ இணைப்பு மட்டுமே. என்விடியாவின் 10 வரிசை (1030, 1050 டிஐ போன்றவை) முதல் கார்டிலிருந்து விஜிஏவுக்குத் தேவையான அனலாக் சிக்னல் வருவதில்லை. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினோம். வெறும் ஒயர் போதாது, சிக்னலை மாற்றும் சிப் உள்ளே இருக்க வேண்டும். இந்த மானிட்டர் பழையது என்பதில் எனக்கு வருத்தமில்லை. 1366-ஐ 768-ஆல் பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் 20 லட்சத்தைத் தாண்டும். கார்டு வரைய வேண்டிய வேலை எங்கள் வீட்டில் பாதிதான். குறைந்த செலவில் கார்டு வாங்குபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

கார்டை விண்டோஸோடு இயங்க வைக்கும் மென்பொருளான டிரைவர் விஷயமும் அவசியம். 750 டிஐ, 1050 டிஐ தலைமுறைகளுக்கு வழக்கமான டிரைவர் மேம்பாடு 2025 அக்டோபரோடு முடிந்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் இடம்பெறும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே இந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று யோசித்தே செலவழிக்க வேண்டும். இதில் போடும் டிடிஆர்3 ராம் அடுத்த கணினிக்குப் போகாது. கார்டு போகும். வசதியிருப்பவர்கள் 6 ஜிபி 3050-ஐப் புதிதாக வாங்கிப் பிறகு கழற்றிக்கொண்டு போகலாம். எங்கள் கைக்கு எட்டியது பயன்படுத்திய 1650, தனி மின் இணைப்பு இல்லாத வகை.

இரண்டாம் முறை பயன்படுத்திய கார்டு வாங்கியபோது நேரில் ஓடவைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தோம். முதலில் ஒருவர் காட்டியது 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு. விண்டோஸும் அப்படியே காட்டியது. மகன் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். உண்மையான 1050 டிஐயில் 768 கோர் இருக்க வேண்டும், அதில் 192. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய சிப்புகளில் இருக்கும் எண்ணிக்கை அது. கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதிப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். 2018 முதல் இந்த மென்பொருளே அத்தகைய கார்டுகளைப் போலி என்று பெயருக்கு முன்னால் எழுதிக் காட்டிவிடுகிறது. பதினேழு வயதுப் பையன் அந்த மனிதர் முகத்துக்கு நேராக அமைதியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வேறொருவரிடம் 1650-ஐ இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, வெப்பநிலை ஓரிடத்தில் நிலைக்கிறதா, ஃபேன் கரகரக்கிறதா, திரையில் கோடோ புள்ளியோ தெறிக்கிறதா, பின்னாலுள்ள எல்லா இணைப்புகளிலும் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே வாங்கினோம். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயம் கார்டுகளை ஓட்டி ஈட்டும் முறையைக் கைவிட்டதும், அதைச் சம்பாதிக்க இரவும் பகலும் ஓடிய ஏராளமான கார்டுகள் விற்பனைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் ஃபேனும் வெப்பப் பசையும் களைத்திருக்கும். செருகியதும் படமே வராமல் போவதும் மிகப் பழைய மதர்போர்டுகளில் நடப்பதுண்டு. அதனால் திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த நாற்காலிப் படத்தை மாலையில் ஓடவிட்டால் நாங்கள் படுக்கப் போகும் முன் முடிந்துவிடுகிறது. சில புதிய விளையாட்டுகளில் இன்னும் திணறல் இருக்கிறது. திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையான ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தும் நொடிக்கு வரும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை ஏறவில்லை, ஆகவே அங்கே தடுப்பது பிராசஸர், இன்னும் பெரிய கார்டு போட்டாலும் பயனில்லை என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கார்டைப் பரிந்துரைத்தாலும் அதன் பெயருக்குக் கீழே ஐந்து விவரங்களைப் போடுங்கள்: எத்தனை வாட், தனி மின் இணைப்பு உண்டா, எத்தனை லேன், மெமரி எந்த வகை, அரை உயரத்தில் கிடைக்குமா. இரண்டு வரி இடம்தான் பிடிக்கும். சாட்டா ஒயரிலிருந்து ஆறு பின் எடுக்கும் கன்வெர்ட்டரை வாங்க வேண்டாம் என்று தனியாக ஒரு கட்டம் கட்டியே போடுங்கள். எங்கள் வீட்டில் உருகிய கன்வெர்ட்டரை எடுத்து வைத்திருக்கிறேன். அதன் புகைப்படத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்துள்ளேன். கடிதத்தைச் சுருக்க நேர்ந்தாலும் படத்தையும் அந்த 54 வாட் கணக்கையும் விட்டுவிடாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஒரு கணித ஆசிரியை